ஒரு பேரு கொறை

“ஆன்ட்டி, கைய ஆட்டாதீங்கலா. ஊசி வேற எடத்துல குத்திரும்” என்று அந்தத் தாதிப் பெண் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். நான் ஆட்டவில்லை. மடியில் இருந்த கைப்பைதான் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குள் கிடந்த கைத்தொலைபேசி விடிந்ததிலிருந்து ஓயாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. வெறும் வயிற்றோடு செரம்பான் கிளினிக்குக்கு ரத்தப் பரிசோதனைக்கு வந்தவளுக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம் என்று அவள் நினைத்திருப்பாள். அவசரம்தான். ஒரு ராக் இசைக்குழுவின் பழைய ஆல்பத்தை முப்பதாம் ஆண்டு நிறைவுக்கு மறுபடி வெளியிடப் போகிறார்கள். அதன் கடைசிப் பாட்டு எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று நூற்றுச் சொச்சம் ரசிகர்கள் வாட்ஸ்அப்பில் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டைக்கு மூல காரணம் நான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இசைக்குழுவின் பெயர் ‘அஞ்சுமணிப் பெரட்டு’. தோட்டத்தில் பிறக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரட்டு என்றால் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, தோட்டக் கணக்கரான கிராணி பெயர் வாசித்து வேலைக்கு அனுப்புவது. பெடாஸ் பக்கம் எங்கள் தோட்டத்து இளைஞர்கள் நான்கு பேர் மின்கிதாரை மாட்டிக்கொண்டு இப்படி ஒரு பெயரை வைத்தபோது பெரியவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்கள் போட்டது ஒரே ஆல்பம், ‘ஒடஞ்ச மங்கு’. மங்கு என்பது ரப்பர் மரத்தில் பால் பிடிக்கிற கிண்ணம். இப்போது கோலாலம்பூரில் ஒரு கம்பெனி அதை இரண்டு இசைத்தட்டும் படப் புத்தகமுமாக ஒரு பெட்டியில் போட்டு விற்கப் போகிறது. பெட்டிக்குள் நிஜ மங்கும் ஒன்று உண்டாம். அந்த மங்கின் நிறம் சரியா தப்பா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. சண்டை போட்டவர்களில் பாதிப் பேர் ரப்பர் மரத்தைப் பள்ளிப் புத்தகத்தில் பார்த்தவர்கள். எனக்குத்தான் சும்மா இருக்க வராதே, “எங்க வீட்டுல அதுல உப்பு போட்டு வச்சிருந்தோம்” என்று எழுதினேன். அதற்கும் முப்பது பேர் கைதட்டினார்கள்.

மங்குச் சண்டை அடங்கிவிட்டது. கடைசிப் பாட்டுச் சண்டை அடங்கவில்லை. பாட்டின் பெயர் ‘ஆள் கணக்கு’. கேசட்டில் குழுவின் பாடகன் ஜீவா உச்சக் குரலில், “ஆள எண்ணு, பேர எண்ணு, ஒரு பேரு கொறை” என்று பாடுவான். அந்த இடத்தில் கிதார், டிரம், குரல் எல்லாம் டக்கென்று நின்றுவிடும். அவ்வளவுதான், ஆல்பம் முடிந்தது. “அந்த வெட்டுதான் பாட்டே. ஒரு பேரு கொறையுதுன்னு பாடுறாரு, பாட்டே கொறையுது பாருங்க. வேர்ல்டு கிளாஸ்லா!” என்பது ரூபனின் கட்சி. ரூபன்தான் வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவன், காஜாங்கில் வங்கி வேலை. மணிக்கட்டில் ‘கொறை’ என்று பச்சை குத்தியிருக்கிறான். போன மாதம் முழுப் பாட்டும் உள்ள மூல கேசட் ஒன்று கிடைத்துவிட்டது. ஆல்பத்தில் எதை வைப்பது, வெட்டுப் பாட்டையா முழுப் பாட்டையா என்று கம்பெனி ரசிகர்களிடம் ஓட்டுக் கேட்கிறது. ஆதலால் போர்.

தாதி ஊசியை எடுத்துவிட்டு ஸ்பிரிட் நனைத்த பஞ்சை என் முழங்கை மடிப்பில் வைத்து அழுத்தினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்தொன்பது வயதாகிவிட்டது. செரம்பான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கேசட் கடை. குச்சியில் பஞ்சைச் சுற்றி ஸ்பிரிட்டில் தோய்த்து, பதிவு மெஷினின் தலையைத் துடைப்பதுதான் காலையில் என் முதல் வேலை. பஞ்சில் பழுப்பாக ஒரு கறை ஒட்டிக்கொண்டு வரும். நேற்று முழுக்க ஓடிய பாட்டெல்லாம் சேர்ந்த அழுக்கு அது என்று நினைத்துக்கொள்வேன். மெஷினில் ஒரு மூல கேசட்டைப் போட்டால் வேகமாக ஓட்டி ஒரே தடவையில் மூன்று நகல் எடுக்கலாம். முதலாளி நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர், சத்தம் போடாமலேயே பயமுறுத்தத் தெரிந்தவர். “முதல் காப்பிய கடைசி வரைக்கும் கேட்டுட்டுத்தாம்மா மத்ததப் போடணும்” என்று தினமும் சொல்வார்.

நானா? கடைசி வரைக்குமா? எனக்குச் சினிமாவிலேயே கடைசிக் காட்சி தெரியாது, பஸ்ஸைப் பிடிக்க எழுந்து ஓடிவிடுவேன். கல்யாணத்தில் தாலி ஏறுவதற்குள் பந்தியில் இடம் பார்க்கிற ஜாதி நான். இப்போது சொல்லிச் சிரிக்கிறேன், அன்றைக்கு அந்தக் குணம்தான் குடியைக் கெடுத்தது.

ஜீவா ‘ஒடஞ்ச மங்கு’ மூல கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். முந்நூறு நகல் வேண்டும். முதலாளி வெளியே போகும்போது, “பாட்டு நீளம். தொண்ணூறு நிமிஷ கேசட்டுல போடு, உள்ள பெட்டியில இருக்கு” என்றார். உள்ளே பெட்டிக்கு மேல் நாலு பெட்டி. கைக்கு எட்டும் தூரத்தில் அறுபது நிமிஷப் பெட்டி. ஒரு பக்கம் முப்பது நிமிஷம் போதாதா என்று அதையே பிரித்தேன். முதல் நகலில் முதல் பாட்டைக் கேட்டேன், நன்றாக இருந்தது. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பதையும் போட்டு முடித்தேன். நாலு நாள் வேலை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில் என்ன ஆகிறது என்று ஒரு தடவைகூட உட்கார்ந்து கேட்கவில்லை.

அந்தக் கடைசியில் என்ன இருந்தது என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பாட்டுகளை எழுதியவன் தேவன். எங்கள் லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தான், ஜீவாவின் உயிர் நண்பன். அந்தப் பாட்டுக்காக வீடு வீடாகப் போய், “ஒங்க பேரயும் போடவா?” என்று கேட்டு எழுதி வந்திருந்தான். பாட்டின் முடிவில் கிராணி மாதிரி அவனே பெயர்களை வாசிப்பான், ஒவ்வொன்றுக்கும் ஜீவா பதில் கொடுப்பான். “இது பாட்டா, பெரட்டுப் பொஸ்தகமாடா?” என்று ஜீவா கேலி செய்ததை எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேலிதான் பின்னால் அவனுக்கு எமனாக வந்தது.

கேசட் வெளியீடு தோட்டத்து மண்டபத்தில், ஞாயிறு சாயங்காலம். பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் முன்வரிசையில் இருந்தார்கள். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் சின்னராசு மாமா வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் அம்மா பாக்கியம் முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். மரம் சீவும் வெட்டுக்கத்தியோடு ரப்பர்க் காட்டுக்குள் போகிறவள் பவுடர் போட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கடைசிப் பாட்டு வந்தது. “ஒரு பேரு கொறை.” பிறகு கேசட் ஓடி முடிந்து பொத்தான் டப்பென்று எழும்பியது. சின்னராசு மாமா எழுந்து, “அவ்ளோதானா? எங்க பேரு எங்கடா?” என்றார். தேவன் ஜீவாவைப் பார்த்தான். எனக்கு அந்த அறுபது நிமிஷப் பெட்டி நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது அம்மா, “பேரு வந்தா என்ன, வராட்டி என்ன” என்று முந்தானையால் பவுடரைத் துடைத்தாள்.

மறுநாள் ஜீவா கடைக்கு வந்தான். “கேசட்டு சின்னதா போட்டுட்டியா புள்ள? பரவால்ல, தேவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லு. நாந்தான் வெட்டிட்டேன்னு நெனைக்கிறான்.” முதலாளி கல்லாவில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. இது போனால் விடிகாலையில் அம்மாவோடு பெரட்டில் நிற்க வேண்டும். “இல்ல, நீங்க குடுத்ததே அப்படித்தான் இருந்துச்சு” என்றேன். “அப்ப மூல கேசட்ட குடு, போட்டுக் காட்டுறேன்.” “அது மெஷின்ல சிக்கி அறுந்துருச்சு.” ஸ்டூடியோக்காரன் தன் டேப்பை அடுத்த ஆளுக்காக அழித்துவிட்டது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்பட்டிருந்தால் நான் உளறியிருப்பேன். அவன் படியிறங்கிப் போய்விட்டான். அன்று சாயங்காலம் மூல கேசட்டைப் பிஸ்கட் டின்னில் போட்டு, பரணில் பழைய பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளினேன்.

நண்பர்கள் இருவரும் அதற்குப் பிறகு பேசவில்லை. இசைக்குழு கலைந்தது. கேசட் மட்டும் கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் போய், தெரியாத பிள்ளைகளுக்கெல்லாம் பிடித்துப்போனது. எத்தனையோ தடவை தேவனிடம் சொல்லிவிட நினைத்தேன். நாளைக்குச் சொல்லலாம், அவன் கல்யாணம் முடியட்டும், என் பிள்ளை பிறக்கட்டும். எதற்கும் பொறுமை இல்லாத எனக்கு இந்த ஒன்றுக்கு மட்டும் முப்பது வருஷப் பொறுமை இருந்திருக்கிறது, பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஜீவா மாரடைப்பில் போய்விட்டான். சாவு வீட்டு வாசலில் நான் தேவனைத் தேடினேன். வரவில்லை.

கடைக் கட்டடத்தை இடிக்கப் பரணைக் காலி செய்தபோது அந்தப் பிஸ்கட் டின் கிடைத்தது. முதலாளியின் மகன் அதைக் கம்பெனியிடம் கொடுத்தார். ஓட்டுப் போடுவதற்காக அன்று காலைதான் வாட்ஸ்அப்பில் முழுப் பாட்டையும் அனுப்பினார்கள். கிளினிக் படிக்கட்டில் உட்கார்ந்து, கையில் பஞ்சோடு கேட்டேன். அந்த வரி, “ஒரு பேரு கொறையாம கூப்புடு.” கொறையாம! ஒரு பெயரையும் விடாமல் கூப்பிடு என்று தேவன் எழுதியதை, நான் ஒரு பெயர் குறைகிறது என்று ஆக்கிவிட்டேன், அதை ஒருவன் மணிக்கட்டில் வேறு குத்திக்கொண்டிருக்கிறான். முதலில் சிரிப்பு வந்தது. அதற்குமேல் உட்கார முடியவில்லை. சாப்பிடக்கூட இல்லை, காரை எடுத்துக்கொண்டு மந்தினுக்குப் போனேன்.

தேவன் அங்கே பள்ளி வேன் ஓட்டுகிறான், சனிக்கிழமை டியூஷன் பிள்ளைகள். வீட்டு முன்னால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. கையெழுத்து வாங்க வந்த கம்பெனிக்காரர்களிடம், பாட்டெல்லாம் கேக்க வேணாம், காகிதத்தக் குடுங்க என்று சொல்லிவிட்டானாம். நான் நின்றவாக்கிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். அறுபது நிமிஷக் கேசட், பொய், பிஸ்கட் டின். அவன் கையில் இருந்த ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“அப்ப ஜீவா வெட்டல” என்றான்.

“இல்ல.”

“என்ட்ட சத்தியம் பண்ணான் புள்ள. நான் நம்பல.” குழாயை மூடினான். “மூணு வருஷத்துக்கு முன்னாலயாச்சும் சொல்லியிருக்கலாம்லா. அவன் இருந்தான்லா. நான் அவன் சாவுக்கே போகல.”

கைத்தொலைபேசியை எடுத்துப் பாட்டைப் போட்டேன். முப்பது வருஷத்துக்கு முந்திய தேவன் கிராணி குரலில் வாசிக்கிறான். “முனியம்மா!” ஜீவா பதில் கொடுக்கிறான், “வந்தாச்சு!” “சின்னராசு!” “வந்தாச்சு!” “பாக்கியம்!” “வந்தாச்சு!” இப்படிப் பதினேழு பேர். கடைசியாக, “ஜீவா!” என்று கூப்பிடுகிறான். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “வந்தாச்சுடா, வந்தாச்சு” என்கிறான் ஜீவா.

“கடைசிய மட்டும் இன்னொரு தடவ போடு” என்றான் தேவன். போட்டேன். மறுபடி கேட்டான். மறுபடி போட்டேன். “சாம்பல போர்ட் டிக்சன் கடல்ல கரைச்சாங்களாம். தோட்டமும் இல்ல. எங்க போயி நின்னு அவன்ட்ட சொல்றது?” பிறகு கடிகாரத்தைப் பார்த்து, பிள்ளைகளை ஏற்ற நேரமாயிற்று என்று ஈர வேனை எடுத்துக்கொண்டு போனான். என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் வீட்டுக்குப் போகாமல் பெடாஸ் வரைக்கும் ஓட்டினேன். எங்கள் லயம் இருந்த இடத்தில் இரட்டை மாடி வீடுகள். பெரட்டுக் களம் சூப்பர்மார்க்கெட்டின் கார் நிறுத்துமிடம் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அங்கேயே காரை நிறுத்தி, வாட்ஸ்அப் குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதி அனுப்பிவிட்டுத் திட்டுக்காகக் காத்திருந்தேன். “ஆன்ட்டி, நீங்கதான் லெஜெண்ட்! ஆக்சிடென்ட்டும் ஆர்ட்தான்லா!” என்று ரூபன் எழுதினான். வரிசையாக இதயம் போட்டார்கள். என் பேட்டியைப் படப் புத்தகத்தில் சேர்க்க வேண்டும் என்றார்கள். சாயங்காலம் ஓட்டு எண்ணினார்கள், வெட்டுப் பாட்டுதான் ஜெயித்தது. ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்ட வேண்டியவர்களின் பெயர்களெல்லாம் அந்த முழுப் பாட்டுக்குள்தான் இருக்கின்றன.