அத்தையின் பல்லுக்கு மூன்று வைத்தியம்

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது எங்கள் சித்தப்பாவின் வேலை. எந்தப் பெயிண்டையும் ஓரமாக ஒரு சாண் அடித்து, வெயில் காட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். அந்தப் புத்தியை அத்தையின் வாயிலும் காட்டினார்.

அத்தைக்குப் பல் மஞ்சள். சிறுவயதில் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தால் வந்த கறை என்பார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை; அவர் கடலில் இருக்கும்போதே, நேரில் பார்க்காமலே கல்யாணம் பேசி முடித்தாயிற்று. அவர் வீடியோவில் அழைக்கும்போதெல்லாம் அத்தை துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். கோயிலில் கல்யாணத்தன்று எதைக் கொண்டு மூடுவது? அந்தக் கவலையில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

அப்பா உப்பளத்துக் கல்லுப்பை இடித்துத் தேய்க்கச் சொன்னார். அம்மாவுக்குச் சிரட்டைக்கரிதான் உசத்தி. கடைக்கார அண்ணாச்சியோ பல்லை வெளுக்க ஒட்டும் தாளை விற்றேவிட்டார். சித்தப்பா தீர்ப்புச் சொன்னார்.

“எதுக்குச் சண்ட? இடப்பக்கம் உப்பு, வலப்பக்கம் தாளு, நடுவுல கரி. எது வெளுக்குதோ அத மொத்தமா அடிச்சிருவோம்.”

பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. அத்தை வெயிலுக்கு முகத்தைக் காட்டி ஈயென்று நிற்பாள். உப்பில் ஈறு எரிந்தது, தாளில் பல் கூசியது, மஞ்சள் மட்டும் அசையவில்லை. எனக்கென்னவோ கரிப் பக்கம் கொஞ்சம் தெளிந்த மாதிரிதான் இருந்தது. நான் அம்மா கட்சி அல்லவா!

ஒரு நாள் காலை, அத்தை வாயெல்லாம் கரியோடு நிற்கையில் போன் அடித்தது. நான் சமர்த்தாக எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டேன். அத்தை அலறினாள். அலறியதில் வாய் முழுசாகத் திறந்துகொண்டது.

“என்னளா, வாயில தார் பூசிட்டு நிக்க?” என்றார் மாப்பிள்ளை. உற்றுப் பார்த்தவர், “யம்மாடி, பல்லு இருக்கு! எப்பவும் பொத்திட்டே பேசுதியா, ஒரு பல்லுகூட இல்லையோன்னு பயந்துல்லா கிடந்தேன்!” என்றார்.

அத்தைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. கரித்தண்ணீர் மோவாயில் வழிய வழியச் சிரித்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மூடாமலேயே பேச உட்கார்ந்தாள்.

அன்றோடு வைத்தியமெல்லாம் நின்றது. துப்பட்டா தோளிலேயே கிடந்தது. அத்தை எதற்கெடுத்தாலும் பளீரென்று சிரித்தாள். கரிதான் ஜெயித்தது என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். கல்யாண ஆல்பம் வந்தபோது, எல்லாப் படத்திலும் அத்தையின் பல் அதே பழைய மஞ்சளாக இருந்தது. ஒழுங்காகப் படம் எடுக்கத் தெரியவில்லையே என்று போட்டோக்காரர் மேல் எனக்கு அப்படிக் கோபம் வந்தது.