பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

எழுபதுகளின் நடுவில் மேற்கு ஜெர்மனியின் தெற்கே ஒரு சின்ன ஊரில், கைத்துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையில் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். இதை எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது. கோயமுத்தூர் சொந்தக்காரர்களிடம் ‘மெஷின் கம்பெனி’ என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தேன். மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். “ஏனுங்க, இங்க பம்புசெட்டுக்குப் படம் போட்டுட்டு நிம்மதியா இருந்தீங்க. துப்பாக்கியெல்லாம் எதுக்குங்க நமக்கு?” என்று கடிதத்தில் கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. பதில் எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது, எழுதியதும் மழுப்பல்தான்.

உண்மையான பதில் இது: ஜெர்மனிக்கு வந்து படித்த படிப்பு முடிந்ததும் எனக்கு வேலை கொடுத்தவர்கள் இவர்கள் மட்டுமே. அதுவும் ஆறு மாதத் தற்காலிக வேலை. அது நிரந்தரமானால் விசா நீளும், மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். ஆகாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மகளுக்கு அப்போது இரண்டு வயது. நான் அவளைப் புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன். அவளும் என்னை அப்படித்தான்.

எங்கள் வடிவமைப்புப் பிரிவின் தலைவர் என்னைவிடப் பத்து வயது பெரியவர், என்னைவிட ஒரு முழம் உயரம். காலையில் வணக்கம் சொல்வார், மாலையில் வணக்கம் சொல்வார், நடுவில் என் படத்தில் குறை சொல்வார். நான் முன்கோபி. பல நாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ரப்பரை எடுத்தேன். ஆனால் மனுஷனுக்கு வேலை தெரியும்.

அந்த வருடங்களில் போலீஸ்காரர்களுக்குப் புதுவகை பிஸ்டல் தேவைப்பட்டது. சீருடை இல்லாமல் வேலை செய்கிறவர்கள் கோட்டுக்குள் மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். சட்டைப்பையில் அடங்கும் சின்ன பிஸ்டல்களுக்கு வலு போதாது. வலுவானவை கோட்டுக்கு வெளியே மாங்காய் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். பெரிய தோட்டாவை மெலிந்த உடம்புக்குள் அடக்க வேண்டும், அவசரத்தில் சட்டென்று எடுத்ததும் தயாராக இருக்க வேண்டும், தவறிக் கீழே விழுந்தால் வெடிக்கவே கூடாது. இதற்காக எங்கள் தலைவர் பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல் வைத்திருந்தார். கட்டைவிரலால் அழுத்தினால், தோட்டாவைத் தட்டும் சுத்தி ஆபத்தில்லாமல் மெல்லக் கீழே இறங்கும். அதை முதன்முதலாக இயக்கிப் பார்த்த அன்று அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எனக்கு மறந்துபோனது. அவ்வளவு அழகான வேலை.

ஒருநாள் என் மனைவியின் கேள்வியை அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. “இதை வச்சிருக்கிறவன் முப்பது வருஷம் தினமும் சுமப்பான். ஒரு தடவைகூடச் சுடாம ஓய்வு பெற்றான்னா எனக்குச் சந்தோஷம். அவன் சுமக்கிறதுக்குத்தான் நாம படம் போடறோம்” என்றார். என் மனசு முழுக்கச் சமாதானமாகவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து பென்சிலைப் பிடிக்கக் கை கூசவில்லை.

சுமப்பதில்தான் சிக்கலும் இருந்தது. சுட முடியாத ஒரு மாதிரி பிஸ்டல் செய்திருந்தோம். எடை, அளவு, விசைகள் எல்லாம் அசல், வெடிக்க மட்டும் செய்யாது. அதை இடுப்பில் செருகிக்கொண்டு ஆட்கள் வளாகத்துக்குள் நடந்தார்கள், உட்கார்ந்தார்கள், கோட்டை விலக்கி உருவிப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே புகார்தான் சொன்னார்கள்: “உருவும்போது எங்கேயோ மாட்டுது.” எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு இடத்தைக் காட்டினார்கள். மூன்று மாதம் போனது. தலைவருக்குத் தூக்கம் போனது, எனக்கு ரப்பர் தேய்ந்தது.

அந்த நிலைமையில்தான் ஆயுத பூஜை வந்தது.

மனைவி அனுப்பிய தினக்காலண்டரில் பார்த்தேன். பம்புசெட் கம்பெனியில் அன்றைக்கு லேத்துக்கு மாலை போடுவோம், மெஷினுக்கெல்லாம் பொட்டு வைப்போம், பொரிகடலை கொடுப்போம். அன்று முழுக்க எந்த ஆயுதத்தையும் தொட மாட்டோம். ஜெர்மனியில் எங்கே போவது மாலைக்கு? விசா நிலைமை அப்படி இருக்க, சாமியைப் பகைத்துக்கொள்ளவும் தைரியம் இல்லை. பெட்டியில் மனைவி வைத்து அனுப்பிய குங்கும டப்பா இருந்தது. காலையில் எல்லோருக்கும் முன்பே போய், வரைபலகைக்கு ஒரு பொட்டு, ஸ்கேலுக்கு ஒரு பொட்டு, காம்பஸ் பெட்டிக்கு ஒரு பொட்டு வைத்தேன். ஓர் ஆப்பிளை வைத்துக் கும்பிட்டேன். மேசைமேல் மாதிரி பிஸ்டலும் இருந்தது. அதற்கு மட்டும் வைக்காவிட்டால் என்ன ஆயுத பூஜை? யார் கண்ணிலும் படாமல் சுத்திக்குக் கீழே குழிவான இடத்தில் தாராளமாகவே அப்பினேன். போலீஸ் அதிகாரிகள் மறுநாள்தான் பார்வையிட வருவதாக இருந்தார்கள். மறுநாள் காலை துடைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுவிட்டு, நகல் எடுக்கப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போனேன்.

அதிகாரிகள் ஒரு நாள் முன்னதாகவே, அன்றைக்கே வந்துவிட்டார்கள்.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். படச்சுருள்களோடு நான் ஓடிப்போய் நுழைந்தபோது, தலைவர் புது சாம்பல் நிறக் கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஆட்களை நம்பாமல் தானே சுமந்து காட்டுவதாக முடிவு. அவர் கோட்டை விலக்கி பிஸ்டலை உருவினார், திரும்பச் செருகினார், மறுபடி உருவினார். மூன்றாவது தடவை கோட்டு விரிந்தபோது, வெளிர்நிற உள்துணியில் நீளமாகச் சிவப்பு. சட்டையிலும் சிவப்பு. ஓர் அதிகாரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தே விட்டார், ரத்தம் என்று நினைத்து.

தலைவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். “இதுக்கு யார் எண்ணெய் போட்டது?”

பாகங்களைப் பூட்டும் அசெம்பிளியில் வேலை பார்த்த யுகோஸ்லாவியப் பெண் ஒரு மூலையில் நின்றிருந்தார். அவசரமாக எண்ணெய் போட்டுத் துணியால் துடைத்தவர் அவர்தான். கறுப்பு இரும்பில், எண்ணெயோடு குழைந்த குங்குமம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அவருக்கும் என்னைப் போலத் தற்காலிக வேலைதான். “நான்தான் போட்டேன். ஆனா இது என்னன்னு எனக்குத் தெரியாது” என்றார்.

நான் உடனே வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான். ஆனால் திறக்கவில்லை. என் கண்முன் மகளின் புகைப்படம் வந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த அம்மாள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார், கறை தன் கையிலிருந்து வந்ததோ என்று. அதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

“நான்தான்” என்றேன். திக்கித் திணறி விளக்கினேன். இன்றைக்கு எங்கள் ஊரில் கருவிகளைக் கும்பிடும் நாள், இது அதற்கான தூள், நாளைக்குத் துடைப்பதாக இருந்தேன், இவர்மேல் தவறே இல்லை. இத்தனை பேர் முன்னால் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெட்டியைக் கட்டி விமானமும் ஏறிவிட்டேன், மனசுக்குள்.

தலைவர் கோட்டைக் கழற்றி உள்துணியை வெளியே திருப்பி மேசைமேல் விரித்தார். பிஸ்டலை அதன் பக்கத்தில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

துடைத்த துணி பரப்பிவிட்ட மெல்லிய சிவப்பு பிஸ்டல் முழுக்கப் படிந்திருந்தது, இரண்டு இடங்கள் தவிர. சுத்தியின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கொம்பு, குறிபார்க்கப் பின்பக்கம் வைத்திருந்த பின்மேட்டின் கூரான மூலை. அங்கே மட்டும் துணியில் உரசி உரசிச் சுத்தமாகக் கறுத்துப் பளபளத்தது. பம்புசெட் கம்பெனியில் பாகங்களைப் பொருத்தும் பிட்டர்கள் நீலச்சாயம் தடவி எது எங்கே உரசுகிறது என்று பார்ப்பார்களே, அதே சங்கதி. மூன்று மாதமாகத் தேடிய, மாட்டும் இடம் கண்முன்னால் கிடந்தது. இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

“அந்தத் தூள் இன்னும் இருக்கா?” என்றார்.

“இருக்கு.”

“கொண்டு வாங்க.” பிறகு அதிகாரிகளிடம் திரும்பி, “இந்த மாடல் இன்னும் தயாராகல. தப்பு என் படத்துல இருக்கு. ஆறு வாரம் கொடுங்க” என்றார்.

வந்தவர்கள் முன்னால் தப்பு தன்னுடையது என்று சொல்ல எத்தனை மேலதிகாரிகளுக்கு வாய் வரும்? எனக்கு அப்போதே அழுகை வந்தது. படச்சுருளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆறு வாரமும் திருவிழாதான். கொம்பை வெட்டிச் சுத்தியை வழவழப்பாக்கினோம். பின்மேட்டைச் சரிவாக்கினோம். பக்கத்து நெம்புகோலை உடம்போடு ஒட்டவைத்தோம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் குங்குமம் தடவி, கோட்டுக்குள் செருகி, உருவிப் பார்த்தோம். டப்பா பாதி காலியானது. கடைசியில் செய்த மாதிரி பிஸ்டல் நன்றாகத் தேய்த்த சோப்புக்கட்டி போல இருந்தது. ஆட்கள் உருவிப் பார்த்துவிட்டு, சொல்ல ஒன்றுமில்லாமல் திருப்பித் தந்தார்கள். அந்த யுகோஸ்லாவிய அம்மாள் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பிறகு, “அடுத்த வருஷம் முன்னாடியே சொல்லுங்க. அன்னிக்கு நான் லீவு போட்டுடறேன்” என்றார். அவருக்கும் எனக்கும் ஒரே நாளில் வேலை நிரந்தரமானது. இரண்டு கடிதத்திலும் தலைவர்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்.

வசந்தகாலத்தில் மனைவியும் மகளும் வந்தார்கள். என்னிடம் கார் இல்லை என்று தெரிந்து, தலைவர் தன் காரிலேயே விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப் போனார். மகள் என்னைப் பார்த்ததும் அலறி அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். புகைப்படத்தில் எனக்குச் சத்தமும் உயரமும் இல்லையே, பாவம் குழந்தை என்ன செய்யும்.

வெளியே காற்று குளிர்ந்து வீசியது. தலைவர் தன் சாம்பல் நிறக் கோட்டைக் கழற்றி, குழந்தையைச் சுற்றிப் போர்த்தினார். உள்துணி வெளியே தெரிந்தது. எத்தனை முறை சலவைக்குப் போட்டும் போகாத சிவப்பு.

மனைவி அதைப் பார்த்தாள், விரலால் தடவியும் பார்த்தாள். இந்தக் கதையைக் கடிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

“ஏனுங்க, இது குங்குமமாட்ட இருக்குதுங்களே?” என்றாள் மெல்ல.

“குங்குமந்தான். நீ கொடுத்தனுப்பிச்சது.”

“இவரு கோட்டுக்கு எப்படிங்க வந்துச்சு?”

“வீட்டுக்குப் போய்ச் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து சேர்ந்ததே அதாலதான்.”

அவள் திரும்பினாள். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நெட்டை மனிதரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். அவரும் கார்ச் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, தெரிந்த மட்டும் கையைக் கூப்பினார்.