தோசை மேனேஜரின் பால்குடம்

இந்தி பேசும் எங்கள் தீவில், டெலானிபூரில் நான் தோசை மாஸ்டராக இருந்த ஹோட்டலில் ஒருநாள் காலை எல்லோரும் மேனேஜர் ஆனோம். முதலாளியே ஆளுக்கொரு பேட்ஜ் குத்திவிட்டார். நான் தோசை மேனேஜர். காதர் பாய் டீ மேனேஜர். பாத்திரம் கழுவும் வங்காளி பிஷு, கிளீனிங் மேனேஜர். என் வீட்டுக்காரி பேட்ஜைச் சாமி படத்தடியில் வைத்துக் குங்குமம் இட்டாள்.

அந்த வாரமே வாரலீவு நின்றுபோனது. "சட்டப்படி லீவு தொழிலாளிக்குத்தாம்பா, மேனேஜருக்கு ஏது?" என்றார் முதலாளி.

ஒரு கஸ்டமர் சாம்பாரில் உப்பில்லை என்று "மேனேஜர் கோ புலாவ்!" என மேனேஜரைக் கூப்பிடச் சொல்லிக் கத்தினார். மூன்று பேரும் போய் நின்றோம், பிஷு கை நிறைய சோப்பு நுரையோடு. மனுஷன் மிரண்டுபோய், "டீக் ஹை, டீக் ஹை", சரி சரி என்று சாம்பாரைக் குடித்துவிட்டார்.

பங்குனி உத்திரம் வந்தது. மகள் டைபாய்டில் பிழைத்ததற்குப் பால்குடம் நேர்ந்திருந்தேன். லீவு கேட்டேன்.

"நீ மேனேஜர்னு முருகனுக்குத் தெரியாதா? அடுத்த வருஷம் எடு."

சாமிக்குக் கொடுத்த வாக்கு. தோசைக்கல்லடியில் நின்று அழுதுவிட்டேன்.

காதர் பாய் வந்தார். "ஏன் மாஸ்டர் அழறீங்க? நானும் மேனேஜர்தானே? நான் குடுக்கறேன் சுட்டி, லீவு. போயிட்டு வாங்க."

பிஷுவும் ஈரக்கையால் முதுகில் தட்டி, "மேரா பீ மஞ்சூர்" என்றான். அவனுக்கும் சம்மதமாம்.

போனேன். பால்குடம் எடுத்து, மஞ்சள் வேட்டியோடு திரும்பினால் கடையில் ஒரே கத்தல்.

"லீவு குடுக்க நீ யாருய்யா?"

"டீ மேனேஜர், முதலாளி."

"மேனேஜராவது மண்ணாவது! இங்க லீவு குடுக்க, ஆள் வைக்க, ஆளை நிறுத்த நான் ஒருத்தன்தான்!"

ஓர மேசையில் தினமும் டீ குடிக்க வரும் லேபர் இன்ஸ்பெக்டர் கிளாசைக் கீழே வைத்தார்.

"சட்டமும் அதைத்தான் கேக்குது முதலாளி. அந்த அதிகாரம் இல்லாம பேட்ஜ் குத்தினா மேனேஜர் ஆயிடுவாங்களா? நீங்களே சொல்லிட்டீங்க. வாரலீவைக் குடுத்துடுங்க."

நான் திருநீற்றை நீட்டினேன். முதலாளி பூசிக்கொண்டு, என் பேட்ஜைத் தன் கையாலேயே கழற்றினார். பிஷு மட்டும் கழற்ற விடவில்லை. ஊருக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமாம்.

தம்பிமாரே, உங்களை யாராவது மேனேஜர் ஆக்கினால் சந்தோஷப்படுங்கள். ஆனால் கூட வேலை செய்பவருக்கு ஒருநாள் லீவு கொடுக்க முடியுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் மறுபடி தொழிலாளி ஆனதற்கு, அடுத்து வந்த வாரலீவில் முருகனுக்குத் தனியாக ஒரு தேங்காய் உடைத்தேன்.