யமுனையில் ஒரு மோட்டார் படகுக்காரர்

நான் பேசிய பேச்சுக்கு வெட்கப்பட்டே பல வருஷம் தயங்கினேன். பகவான் மேல் பாரத்தைப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

பெட்ரோல் விலை எகிறிய வருஷம். அப்பாவின் அஸ்திக் கலசத்தோடு டெல்லியில் யமுனைக் கரையில் நின்றேன். கரையோரம் முழுக்கச் சாக்கடை. வெள்ளை மீசை வைத்த நம்மூர்க்காரர் ஒருவர், கட்டிக் கிடந்த தன் மோட்டார் படகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஞாயித்துக்கிழமை சவாரிக்கு வாங்கினேன் சார், இப்போ துடைக்கத்தான் லாயக்கு. இந்த விலை வெச்சவன் உருப்படுவானா?” என்று கத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எங்க வீட்டில கெரசின் இல்லாம அடுப்பே எரியலை, உங்களுக்குச் சவாரி கேக்குதா? எங்கப்பாவை இந்தச் சாக்கடையிலயா கரைப்பேன்?”

கலசத்தைப் பார்த்தார். “ஏறுங்க. டாங்க்கில இருக்கறது போறதுக்குத்தான் வரும்.”

நடு ஆற்றில், நான் கரைத்து முடிக்கும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். திரும்பும்போது துடுப்புப் போட்டபடியே கரை வரை விலையைத் திட்டித் தீர்த்தார்.

இதை யாருக்காவது சொன்னால், அந்த வசவுகளையும் விடாமல் அப்படியே சொல்லுங்கள்.