படத்தில் ஏறாத மாமி

மட்டக்களப்புச் செட்டிபாளையத்தில் புஸ்பத்திடம் சட்டை தைக்காத பெண் இல்லை. அளவெடுக்கும் சாக்கில் ஊர்க்கதை முழுக்கக் கேட்டுவிடுவாள். வெளியே மட்டும் ஒரு சொல் விடமாட்டாள். யார் எந்தக் குடி, எந்தத் தாய்வழி என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

தொண்ணூற்றிரண்டில், சண்டையால் மூடிக்கிடந்த பாதை திறந்திருந்த ஒரு வாரத்தில், லண்டனிலிருந்து தங்கை மங்கையற்கரசியின் கடிதம் வந்தது. மார்பில் புற்றுநோய் வந்து அவளுக்கு ஒரு பக்கத்தை எடுத்திருந்தார்கள். கட்டி வளராமல் அடக்கி வைக்கிற மரபணு ஒன்று உடம்பில் உண்டாம். சில குடும்பங்களில் அது பழுதாகிப் பிள்ளைகளுக்கும் இறங்குகிறதாம். அது சரியாக எங்கே இருக்கிறது என்று டொக்டர்மார் தேடுகிறார்களாம். மூன்று பேருக்காவது நோய் வந்த குடும்பம் என்றால் ஆராய்ச்சியில் சேர்த்து, பிள்ளைகளையும் கவனித்துப் பார்ப்பார்களாம். "என்ட மகளுக்கும் வருமோ எண்டுதான் அக்கா பயம்" என்று முடித்திருந்தாள்.

புஸ்பம் அன்றிரவே சட்டை வெட்டும் தாளிலேயே குடும்பப் படம் வரைந்தாள். அம்மா, அம்மம்மா, அவர்களுடைய சகோதரிகள், பிள்ளைகள் என்று அறுபத்துமூன்று பெயர். தங்கையைத் தவிர ஒருத்திக்கும் நோயில்லை. ஒரு பெயரும் விடாத பெருமையோடு அனுப்பினாள். இரண்டு மாதத்தில் பதில் வந்தது. தகப்பன் பக்கம் எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

இதென்ன கூத்து என்று சிரித்தாள் புஸ்பம். மட்டக்களப்பில் பிள்ளை தாயின் குடி. தகப்பன் வேறு குடி, அவருடைய சகோதரிகளான மாமிமாரும் வேறு குடி. மாமி மகனைக் கட்டிக்கொள்ளவே செய்யலாம், அவர்களை எப்படித் தன் படத்தில் ஏற்றுவது? சிரித்தபடி ஊசியில் நூல் கோத்தவளின் கை அப்படியே நின்றது. பெரிய மாமி நாற்பது வயதில் மார்புப் புண்ணோடு செத்தவள். சின்ன மாமி இரத்தினம்மாவின் சட்டைக்கு இடப்பக்கம் பஞ்சு வைத்துத் தைப்பதே புஸ்பம்தான். யாருக்கும் சொல்லக்கூடாது என்று மாமி சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த மாமிக்கு வாய் என்றால் வாய். திட்டித் துரத்தினாலும் பரவாயில்லை என்று போய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள் புஸ்பம். மாமி வெற்றிலையை மென்று துப்பினாள்.

"இத்தினை வருசத்தில என்னை உங்கட ஆள் எண்டு ஒருத்தரும் எழுதல்ல புள்ள. எழுது. பெரிய எழுத்தில எழுது."

புதுப் படம் லண்டன் போனதும் ரத்தமும் கேட்டு எழுதினார்கள். மட்டக்களப்பு டவுனில் ஒரு டொக்டர் எடுத்துக்கொடுத்த மாமியின் ரத்தம், காத்தான்குடி மீன் வியாபாரி பக்கீரின் பெட்டியில் ஐஸோடு கொழும்புக்குப் போனது. சோதனைச் சாவடியில் பாரைமீனுக்கு நடுவே குழாய்களைக் கண்ட ஆமிக்காரருக்கு டொக்டரின் கடிதத்தைக் காட்டித் தப்பினார் பக்கீர். தான் பாஸ்போட் இல்லாமலே லண்டன் போவதாக மாமி ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள். கட்டிக்காத்த ரகசியம் அவள் வாயாலேயே சந்திக்கு வந்தது.

மாரிக்காலத்தில் கடிதம் வந்தது. அந்த மரபணு இன்னும் பிடிபடவில்லை. ஆனால் குடும்பத்தை ஆராய்ச்சியில் சேர்த்துவிட்டார்கள், தங்கையின் மகளை வருடாவருடம் பார்ப்பார்கள், புஸ்பத்தையும் சோதித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். வாசித்து முடித்த புஸ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாமியின் புதுச் சட்டைக்கு அளவெடுத்தாள். பழக்கத்தில் பஞ்சையும் எடுத்து வைத்தாள். மாமி அதைத் தள்ளிவிட்டாள்.

"அது வேணாம் புள்ள. இனி யாருக்கு ஒளிக்கிற?"