தண்ணீர் தொடாதவர்
அன்று கிளினிக் வாங்குப் பலகையில் நானும், விடத்தல்தீவு வேதக் கோயிலில் மணியடிக்கும் பெரியவரும், எதிரே தாதி மிஸ்ஸி. எனக்குப் படபடப்பு, அவருக்கு நெஞ்சுவலி. அவர் உதடு வெடித்திருந்தது. வெறும் வயிற்றோடு சோதனைக்கு இரத்தம் கொடுக்க வரச் சொன்னதற்கு, முதல்நாள் மாலையிலிருந்து தண்ணீர்கூடத் தொடவில்லையாம்.

சோதனைத் துண்டைப் பார்த்து மிஸ்ஸி கத்தினா.

“தண்ணி குடிக்கலாம் எண்டு எத்தனை தரம் சொன்னனான்? காஞ்சு கிடந்தால் கிட்னி அளவு பிழையாய்க் காட்டும், ஐயா. அது சரியாத் தெரியாமல் டொக்டர் நெஞ்சு மருந்தைக் கூட்டமாட்டார்.”

“பூசையில நன்மை அப்பம் எடுக்க முன்னமும் நான் தண்ணி தொடுறேல்லை, பிள்ளை.”

“இது பூசையில்லை, ஐயா!”

திரும்ப வரச் சொல்லி அனுப்பினா. அந்தக் கிழமை முழுக்க அவரை நினைத்து எனக்குத்தான் நித்திரையில்லை.

அடுத்த கிழமை தண்ணீர்ப் போத்தலோடு வந்தார். அப்பாடா என்றிருந்தது. பார்த்தால், மூடியே திறக்கவில்லை.

“குடிக்கேல்லையோ, ஐயா?”

நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னார்: “ரத்தம் குடுத்துப்போட்டுக் குடிக்கத்தான், தம்பி.”