ஓட்டை தெரிந்தால் யாரிடம் சொல்வது

டேய் அண்ணா. உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. நாலு வயது பெரியவன் என்று மரியாதையாகவும் கூப்பிட்டதில்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து டேய் அண்ணாதான். இப்போதும் அப்படித்தான் வாயில் வருகிறது. நீ திரும்பிப் பார்த்து "இன்னாடி" என்று கேட்கமாட்டாய். தெரிந்தும் கூப்பிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று. நான் எட்டாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் அம்மாவோடு மீன் கூடை. எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குப்பம் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. அடையாறில் ஒரு மாடி அறையில் கம்ப்யூட்டர் படித்த அக்கா ஒருவர் இருக்கிறார். கம்பெனி வேலை போக மிச்ச நேரத்தில் எங்களுக்காக ஒரு சாஃப்ட்வேர் எழுதினார். கடலுக்குப் போகும்போது போனில் 'போறேன்' என்று அழுத்த வேண்டும். கரை ஏறியதும் 'வந்துட்டேன்' என்று அழுத்த வேண்டும். அழுத்தினால் அந்தப் படகின், எங்கள் பேச்சில் போட்டின், நம்பருக்குப் பக்கத்தில் பச்சை விழும். பகல் பன்னிரண்டு மணிக்குள் பச்சை விழாத போட்டு இருந்தால் மற்ற போட்டுக்காரர்களுக்கு மெசேஜ் போகும். உடனே தேடக் கிளம்புவார்கள். அவ்வளவுதான் அது. வீடு வீடாகப் போய் அதைப் போனில் போட்டுக் கொடுத்து, அழுத்தக் கற்றுக்கொடுப்பது என் வேலை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடலுக்குப் போனவன் கரை ஏறாமல் அம்மா சோறு தொடமாட்டாள். அப்பா இருந்தபோது அப்பாவுக்காக, அப்பா போன பிறகு அண்ணனுக்காக. எங்கள் பக்கம் நிறைய வீடுகளில் இது உண்டு. ஆனால் அம்மாவுக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மீன் விற்கிற இடத்திலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத்தான் திட்டினார். "காலைல சாப்பிட வைக்க மாட்டியா நீ?"

அந்தச் சமயத்தில்தான் சாஃப்ட்வேரில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். ஒவ்வொரு போட்டுக்கும் ஒரு லிங்க். அதன் கடைசியில் போட்டு நம்பர். ஒரு வீட்டில் போனில் அதைப் போட்டுக் கொடுக்கும்போது நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேன். வேறு ஒருவருடைய போட்டு திறந்தது. பட்டனும் வந்தது. அப்படியென்றால் யாருடைய போட்டுக்கும் யாரும் அழுத்தலாம். அக்காவிடம் அன்றைக்கே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது.

மறுநாள் காலையில் என் போனில் எங்கள் நம்பரை அடித்து 'வந்துட்டேன்' அழுத்தினேன். பச்சை விழுந்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"மா, அண்ணன் கரை ஏறிட்டான் பாரு. துன்னு."

"மெய்யாலுமா? ஊட்டுக்கு வர்லியே."

"வலை உதறிகினு இருப்பான். நீ துன்னு."

சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் கழித்து நீ வந்தாய். அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் அப்படியே செய்தேன். அம்மா முகம் தெளிவானது. நான் நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

ஒரு நாள் நீயே கண்டுபிடித்தாய்.

"இன்னாடி இது? நான் அமுக்கவே இல்ல, பச்சை வுயுந்து கீது?"

"தானா ஆயிருக்கும்."

"தானா எப்டி ஆவும்? அந்த அக்காகிட்ட சொல்லணும். நாளைக்கு எவனுக்காச்சும் ஆபத்துன்னா தேட வர மாட்டானுங்க."

"நானே சொல்றேன்டா. நீ போய்க் குளி, நாறுது."

"நாறாம பின்ன மல்லிப்பூ வாசனையா வரும்? ஒயுங்கா சொல்டுடி."

சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்லவில்லை.

அப்புறம் அந்த நாள் வந்தது. உன்னோடு போட்டில் வருகிறவனுக்குக் காய்ச்சல். நீ தனியாகப் போனாய். நான் ஒன்பதே முக்காலுக்கு அழுத்தினேன். அம்மா பழைய சோறும் வஞ்சிரக் குழம்பும் சாப்பிட்டாள். பத்தரை ஆனது, வரவில்லை. பதினொன்றரை ஆனது. ஐஸ் வாங்கப் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். பன்னிரண்டு மணிக்குப் போக வேண்டிய மெசேஜ் போகவில்லை. எப்படிப் போகும்? நீதான் பச்சையாயிற்றே. ஒரு மணிக்கு மேல் கரைக்குப் போய்ப் பார்த்தேன். நம் போட்டு நிற்கிற இடம் காலியாக இருந்தது. கத்தினேன். கிளம்பிப் போனார்கள்.

நாலு மணிக்கு நீலாங்கரைக்கு நேரே போட்டைப் பார்த்தார்கள். இன்ஜின் விசிறியில் வலை சுற்றியிருந்தது. அதை எடுக்க நீ தண்ணீரில் இறங்கியிருக்க வேண்டும் என்றார்கள். உன்னைக் கொஞ்ச தூரம் தள்ளி எடுத்தார்கள். ஒரு காலி டீசல் கேனின் கயிற்றைக் கையில் சுற்றியபடி இருந்தாயாம். தேடப் போன மாமா ஒருவர் எங்கள் வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருந்தா தூக்கினு வந்திருப்பேன்மா. ஒடம்பு இன்னும் விறைக்கக்கூட இல்ல."

அதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

அக்கா கம்ப்யூட்டரில் பார்த்தார். பச்சை விழுந்த நேரம் தெரிந்தது. எந்தப் போனிலிருந்து என்று தெரியவில்லை. பாக்கெட்டில் இருந்த போன் தானாக அழுந்தியிருக்கும் என்று அவராக ஒரு முடிவுக்கு வந்து, குப்பத்தில் எல்லோருக்கும் சொன்னார். நான் ஆமாம் போட்டேன். செத்தவன் மேலேயே பழியைப் போட்டேன் அண்ணா.

காரியம் முடிந்து பத்து நாள் இருக்கும். அக்கா கூப்பிட்டு அனுப்பினார். வேறு ஊர் குப்பங்களிலும் இப்போது இந்த சாஃப்ட்வேரை எடுத்துப் பயன்படுத்துகிறார்களாம்.

"இதுல ஓட்டை தெரிஞ்சா யார்கிட்ட சொல்றது, எப்படிச் சொல்றதுன்னு ஒரு பாலிசி எழுதி வைக்கணும். நான் எழுதினா கவர்மென்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கும். உங்க ஆளுங்களுக்குப் புரியற மாதிரி நீ எழுதும்மா. உங்க அண்ணனுக்காகன்னு நெனச்சு எழுது."

 எழுதினேன். ஓட்டை தெரிந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அடைப்பதற்கு முன் எல்லோருக்கும் தெரிந்தால் யாராவது தப்பாகப் பயன்படுத்துவார்கள். இந்த நம்பருக்குத் தனியாகச் சொல்லுங்கள். மூன்று நாளில் பதில் சொல்வோம். அடைத்த பிறகு என்ன நடந்தது என்று நாங்களே எல்லோருக்கும் சொல்வோம்.

அக்கா படித்துவிட்டு இன்னொரு வரி வேண்டும் என்றார். "சொல்ல வந்தவங்களைக் குத்தம் சொல்ல மாட்டோம்னு எழுது. அது இல்லைன்னா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க."

அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. நான்கு நாள் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு நானே மன்னிப்பு எழுதிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஆனால் ஓட்டை இன்னும் திறந்தே கிடந்தது. தினமும் விடியற்காலையில் போட்டுகள் போய்க்கொண்டுதான் இருந்தன.  அப்படியும் சொல்லவில்லை. என்னை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.

புரிகிறதா என்று பார்க்க, மீன் விற்கிற இடத்தில் எழுதினவரைக்கும் படித்துக் காட்டினேன். எங்களுக்கு எதிரில் கூடை போடுகிற அத்தைதான் முதலில் சிரித்தது.

"பாலிசியா? செத்தா பணம் வருமா?"

"அது இல்ல அத்த. தப்பு தெரிஞ்சா தனியா வந்து சொல்லணும்."

"அத்தான்டி போட்டுக் குடுக்கறதுன்னு சொல்வாங்க. நம்ம பக்கம் எதுவா இருந்தாலும் பத்து பேர் முன்னாடி கூட்டத்துல நின்னு சொல்லணும். தனியா போய் ஓதுறவள எவ மதிப்பா?"

அத்தையோடு வந்திருந்த மருமகள் இறால் உரித்துக்கொண்டே சொன்னாள்: "கூட்டத்துல சொன்னா சொன்னவளத்தான் மொதல்ல ஒதைப்பாங்க. எனக்குக்கூட ஒண்ணு தெரியும், நான் சொல்வனா?"

"இன்னா தெரியும்?" என்றேன்.

அத்தை ஐஸ் எடுக்கப் போனதும் அவள் என் காதருகே குனிந்தாள். "எங்கூட்டுக்காரரு வர லேட்டானா நானே அமுக்கி வுட்ருவேன். இல்லாங்காட்டி எம்மாமியா துன்னாது. நீ போட்டுக் குடுத்தப்போ நம்பர தப்பா அடிச்சியே, அத்தப் பாத்துதான் கத்துகினேன்." கண்ணைச் சிமிட்டிச் சிரித்தாள்.

அவள் வீட்டுக்காரர் அப்போது கடலில் இருந்தார். மணி பத்து. அவர் பச்சையாக இருந்தார்.

கூடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. அடையாறு மாடி அறையில் அக்கா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அந்த மருமகள் விஷயம். அப்புறம் என் விஷயம். அக்கா கை அப்படியே நின்றது.

"பாக்கெட்டுல தானா அழுந்திடுச்சுன்னு ஊருக்கெல்லாம் நான் சொன்னேனே. நீ பக்கத்துலதானே நின்ன?"

"ஆமாங்க்கா."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைக் கழுவாமலே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே அழுதார். "கதவு இல்லாம வீடு கட்டுனவ நான்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்தப் பச்சையை எடுத்தார். நான் அந்த மருமகளின் வீட்டுக்காரருக்குப் போன் பண்ணி, போட்டு உண்மையில் கரை ஏறுகிற வரைக்கும் லைனிலேயே இருந்தேன். வந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் ஒவ்வொரு போட்டுக்கும் தனி ரகசிய நம்பர் வந்தது. ஓட்டை அடைபட்டது.

அப்புறம் அக்கா பாலிசித் தாளை எடுத்து வைத்தார். அடைத்த பிறகு எல்லோருக்கும் சொல்வோம் என்று என் கையால் நான் எழுதியது இருந்தது.

"யார் அழுத்தினதுன்னு போட வேணாம். ஆனா தானா அழுந்தலைன்னு நான் சொல்லித்தான் ஆகணும். நாளைக்குப் போடறேன். அதுக்கு முன்னாடி நீயே உங்க அம்மாகிட்ட சொல்லிடு, வேற யார் வாயிலயாவது அவங்க கேக்கக் கூடாது."

வீட்டுக்குப் போனேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ நான் துன்னுகினு இருந்தப்போ என் புள்ள தண்ணியில இருந்தானாடி?"

அம்மா பாதியில் விட்ட வெங்காயத்தை எடுத்து நான் உரித்தேன் அண்ணா.

அன்றிலிருந்து அம்மா பொழுது சாய்கிற வரைக்கும் எதையும் வாயில் வைப்பதில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. மாத்திரையை நான் கையில் வைத்தால் வாங்கிக்கொள்கிறாள். அக்கா கேட்ட அந்த வரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். சொல்ல வந்தவரைக் குற்றம் சொல்லமாட்டோம். மற்றவர்களுக்காகத்தான் எழுதினேன். ஒழுங்காகச் சொல்லிவிடு என்று நீ சொன்ன அன்றைக்கே அப்படி ஒரு தாள் சுவரில் ஒட்டியிருந்தால் நான் போய்ச் சொல்லியிருப்பேனா? தெரியாது. ஆமாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, இன்றைக்கு விளக்கேற்றும்போதோ மெழுகுவத்தி ஏற்றும்போதோ தொழும்போதோ என் அண்ணனையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கேனைப் பிடித்துக்கொண்டு எத்தனை நேரம் எங்களைக் கூப்பிட்டானோ. இனி அவனுக்குக் குளிராமல் இருக்கட்டும். அவனுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.